வீடு, மைதானம், ரயில்: மும்பைத் தமிழர்களே, உங்க ஏரியாவுல நடந்ததைச் சொல்லுங்க

கிராஸ்ரோடு பையன்

தாராவியை இடிச்சுப் புதுசா கட்டுற திட்டத்துக்கு வீடு வீடா சர்வே எடுக்கிறது பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டாம், நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க வீடு கீழ ஒரு ரூம், மேல ஒரு மாளா, அதாவது மாடி ரூம். கீழ அண்ணன் குடும்பம், இரும்பு ஏணியில ஏறினா நாங்க. அம்மா ரெண்டு பேருக்கும் பொது. சாப்பாடு கீழ, தூக்கம் மேல.

சர்வேக்கு வந்த பையன் கதவுல நம்பரை எழுதிட்டு, டேப்லெட்டைக் கையில வச்சுக்கிட்டு அம்மாகிட்ட "மாஜி, ஆப் நீச்சே ரஹ்தே ஹோ யா ஊப்பர்?"னு, கீழயா மேலயா இருக்கீங்கன்னு கேட்டான். அம்மா இந்த ஊருக்கு வந்து காலம் போச்சு, இந்தி மட்டும் இன்னும் அரைகுறைதான். "ரெண்டுலயும்தான்யா"ன்னு தமிழ்லயே சொன்னாங்க. அவன் என்னைப் பார்த்தான். அந்த டேப்லெட்டுல ஏதாவது ஒரு கட்டத்துலதான் டிக் போட முடியும்.

2000 ஜனவரி 1-க்கு முன்னாடியே கீழ்வீட்டுல இருந்தவங்களுக்குத் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி, காசு இல்லாம. மாளாக்காரனுக்கு வெளியதான். வெளியன்னா எங்க? முலுண்டுங்கிறான், காஞ்சுர்மார்க் உப்பளம்ங்கிறான், தேவ்னார் குப்பைமேடுங்கிறான். அண்ணனுக்கு 2025 மே மாசம் திறந்த மெட்ரோ ஸ்டேஷன் நடக்குற தூரத்துல இருக்கும், நேச்சர் பார்க் இருக்கும். ஒரே ஏணியில இருந்த எனக்கு எந்த ஸ்டேஷன்னே தெரியாது. அம்மா ஏணிக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்க பாருங்க, அதுதான் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது.

நேருநகர் வாசி

தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த "வெளிய" இருக்கிற ஆளுங்க நாங்க. எங்க பக்கத்தையும் கேளுங்க.

குர்லா மதர் டெய்ரி நிலம், ஏறக்குறைய 21 ஏக்கர். 2024 ஜூன்ல அதைத் தாராவித் திட்டத்துக்குக் குடுக்கிறதா அரசாணை வந்தது. உள்ள அவ்வளவு மரம் இருக்கு. அது ஒரு நல்ல கார்டனா வரணும்னுதான் ஏரியாவுல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நேரு நகர்ல சாயங்காலம் நடக்கிறதுக்கு நாங்க ரிக்‌ஷாவுக்கும் பார்க்கிங்குக்கும் நடுவுலதான் புகுந்து போகணும்.

ஒருநாள் காலைல கையில அட்டையோட அந்த காம்பவுண்ட் ஓரம் நின்னுக்கிட்டு இருந்தோம். ஒரு அம்மா, நம்ம ஊர் அம்மாதான், கண்டாங்கிச் சேலை, பையில கறிவேப்பிலை எட்டிப் பார்க்குது. தாராவி 90 அடி ரோட்டுலருந்து பஸ் ஏறி இடத்தைப் பார்க்க வந்திருக்காங்க. என் தமிழைக் கேட்டுட்டு நேரா எங்கிட்ட வந்து, "இங்க தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டாங்க. என் கையில "எங்களுக்குப் பூங்கா வேணும்"னு மராத்தியில எழுதின அட்டை. அவங்களுக்குப் படிக்கத் தெரியல. நான் "காலைல அஞ்சு மணிக்கு"ன்னேன். "அப்ப பரவால்ல"ன்னு சொல்லிட்டு மரங்களை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் அட்டையைப் பிடிக்கப் போகாம இல்ல. இப்பவும் போறேன். கார்டன் வேணும்ங்கிறதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது.

கிராஸ்ரோடு பையன்

அக்கா, நாங்களா குர்லா வேணும்னு கேட்டோம்? ஆளாளுக்கு "எங்க ஏரியாவுல வேண்டாம்"னு அட்டை பிடிச்சா மாளாக்காரன் கடல்லயா போய் இருப்பான்?

நேருநகர் வாசி

அதே கேள்வியைத் தாராவிக்குள்ள விற்பனைக்குக் கட்டப்போற கோபுரங்களைப் பார்த்துக் கேளுங்க தம்பி. அங்க இடம் இருக்கும்போது எங்க மரத்து மேல ஏன் கை வைக்கணும்?

லோயர் பரேல் 9 டு 9

ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. இந்தக் கணக்கு ஊருக்குப் புதுசு இல்ல.

என் ஆஃபீஸ் பழைய மில் காம்பவுண்டுல இருக்கு. வெளிய ஒரு டீக்கடை. அங்க தினமும் ஒரு பெரியவர் வருவார், 1982 ஸ்ட்ரைக்குல வேலை போனவர். கண்ணாடி பில்டிங்கோட மூணாவது மாடியைக் காட்டி, "மேரா காத்தா வஹான் தா"ன்னார். என் காத்தா அங்கதான் இருந்துச்சுன்னு அர்த்தம். காத்தான்னா மில் டிபார்ட்மென்ட், அவர் ஸ்பின்னிங். அவர் கை காட்டின இடத்துலதான் எங்க ஆஃபீஸ் பேன்ட்ரி.

மும்பையோட 1991 கட்டட விதிகள்ல 58-ஆவது எவ்வளவு அழகான விதின்னு எத்தனை பேருக்குத் தெரியும்? மில் நிலத்தைப் புதுசா கட்டினா மூணு பங்கு. ஒண்ணு மாநகராட்சிக்கு, பூங்கா மைதானத்துக்காக. ஒண்ணு மாடாவுக்கு, அதாவது அரசு வீட்டுவசதி வாரியத்துக்கு, சாதாரண ஜனங்க வீட்டுக்காக. மிச்சம் ஓனருக்கு. நடு மும்பைல அறுநூறு ஏக்கர் மாதிரி. 2001-ல ஒரு திருத்தம்: பங்கு போடுறது காலி நிலத்தை மட்டும்தான், கட்டடம் நின்ன இடம் கணக்குல வராது. மில்லுல காலி நிலம் எவ்வளவு இருக்கும்? ஷெட்டுதானே முக்கால்வாசி. ஹைகோர்ட் தடுத்துச்சு, 2006-ல சுப்ரீம் கோர்ட் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. முடிஞ்சது கதை.

அந்தப் பெரியவர் நிலத்தைப் பத்திப் பேசவே இல்ல. எல்பின்ஸ்டன் ரோடு (இப்ப பிரபாதேவி) ஸ்டேஷனைக் காட்டி, "மில் சைரன் அடிக்கிறப்ப நாங்க ஏறின அதே பிரிட்ஜுலதான் இப்ப நீங்க எல்லாரும் ஏறுறீங்க"ன்னார். அவர் சொன்னது 2016-ல. 2017 செப்டம்பர் 29 காலைல மழைக்கு ஒதுங்கின கூட்டம் அந்தப் படியில நசுங்கி 23 பேர் செத்தாங்க. ஷெட்டை இடிச்சு ஆஃபீஸ் கட்ட அனுமதி குடுத்தவன் ஒரு டிபார்ட்மென்ட், படிக்கட்டை அகலப்படுத்த வேண்டியவன் இன்னொரு டிபார்ட்மென்ட். ஃபைல் ஒண்ணுக்கொண்ணு பார்த்துக்கவே இல்ல. எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது ஒரு மனையில எவ்வளவு கட்டலாம்ங்கிற அளவை, ஏத்துறவன் முதல்ல பக்கத்து ஸ்டேஷன் படிக்கட்டுல காலைல ஒம்போது மணிக்கு ஒரு தடவை ஏறிட்டு வரணும்னு சட்டம் போடணும்.

மான்குர்த் மல்லிகா

எங்களை ரயில்வே லைன் ஓரத்துலருந்து எடுத்தாங்க. ரயில் பாதையை அகலப்படுத்துற திட்டம், அதுக்கு மாத்து வீடு 225 சதுர அடி, மான்குர்த் பக்கம் ஒரு காலனி. பேரு வேண்டாம். வீடு இலவசம், பாத்ரூம் உள்ளயே. எங்க அம்மா மொத நாள் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாங்க. அதையும் சொல்லணும்ல, சும்மா குறையே சொல்லக்கூடாது.

ஆனா பில்டிங்குக்கும் பில்டிங்குக்கும் நடுவுல மூணு மீட்டர்கூட இருக்குமோ என்னவோ. நாங்க ரெண்டாவது மாடி. மதியம் பன்னெண்டு மணிக்கு டியூப் லைட் போட்டாத்தான் அரிசியில கல் தெரியும். எதிர் பில்டிங் அக்கா ஒட்டடைக் கம்பு நுனியில பையை மாட்டி ஜன்னல் வழியா நீட்டுவாங்க, அதுல சூடா அதிரசம். நாங்க எடுத்துக்கிட்டு அதே பையில முறுக்கைப் போட்டு அனுப்புவோம். வர்றவங்க எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பாங்க. கொஞ்ச வருஷத்துல அந்த அக்காவுக்கு டிபி. அப்புறம் எங்க மாடியிலயே ரெண்டு வீட்டுல. இந்த மாதிரிக் காலனிகள்ல டாக்டர்கள் ஆய்வு பண்ணி, வெளிச்சமும் காத்தும் வராத கீழ்மாடிகள்லதான் டிபி அதிகம்னு எழுதினது பேப்பர்ல வந்துச்சு. எங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

அம்மா மாட்டுங்காவுல நாலு வீட்டு வேலை. முன்னாடி நடந்தே போவாங்க. இங்க வந்தப்புறம் ஹார்பர் லைன் பிடிச்சு, வடாலாவுல இறங்கி, பஸ்ஸுக்கு நின்னு. மூணு வீடு போச்சு. "லேட்டா வர்றீங்க"ன்னு நிறுத்திட்டாங்க. ரயிலுக்கு இடம் விட்டவங்க நாங்க, ரயிலுக்குக் காத்திருக்கிறதும் நாங்க.

வடாலா விஜி

எங்களது எஸ்.ஆர்.ஏ. பில்டிங், அதாவது குடிசை மாற்றுத் திட்டத்துல கட்டினது, 269 சதுர அடி. ஒரே மனையில நாங்க ரீஹேப் (குடிசைக்கு மாத்து வீடு கிடைச்சவங்க), பக்கத்துல சேல் டவர் (விக்கிறதுக்குக் கட்டினது), நடுவுல சுவர். பிளான் காட்டினப்ப "சில்ட்ரன்ஸ் பார்க்"னு பச்சைக் கலர் அடிச்சு வச்சிருந்தான். பார்க் இருக்கு, இல்லன்னு சொல்ல முடியாது. சேல் டவரோட ஆறாவது மாடி போடியம் மேல, அதாவது கார் நிறுத்துற மாடிகளுக்கு மேல இருக்கிற தளத்துல.

என் பையன் அடிச்ச பந்து கார் ரேம்ப்புல விழுந்தது. எடுக்கப் போனவனை வாட்ச்மேன் விசில் ஊதி நிறுத்தி, "ரீஹேப் கா ஹை க்யா?"ன்னு கேட்டான். பையன் எங்கிட்ட வந்து, "அம்மா நாம ரீஹேப்பா?"ன்னான். எட்டு வயசு. அந்த வாட்ச்மேனும் பின்னாடி சாலியில ஒரு குடிசையில இருக்கிறவன்தான்.

மாட்டுங்கா தாத்தா

எல்லாரும் கொஞ்சம் பொறுமையா நான் சொல்றதைக் கேளுங்கோ. எனக்கு நடந்தது சின்னது: எங்காத்துக்குப் பக்கத்துல மைதானம்னு பிளான்ல போட்டிருந்த இடத்துல ஒருநாள் ஜேசிபி நின்னுது, டிரைவர் "காகஸ் ஹை", காகிதம் இருக்குன்னான். அவ்வளவுதான். அன்னிலேர்ந்து காகிதம் படிக்க ஆரம்பிச்சேன்.

வீடு வாங்கறவா, மாத்து வீட்டுக்குக் கையெழுத்துப் போடறவா, முதல்ல மனையோட சி.டி.எஸ். நம்பரை, அதாவது நகர சர்வே நம்பரை, கேளுங்கோ. பிராப்பர்ட்டி கார்டுல இருக்கும். அந்த நம்பரை வச்சு மாநகராட்சில டி.பி. ரிமார்க் எடுக்கலாம், அதாவது நகர வளர்ச்சித் திட்டத்துல அந்த மனைக்கு என்ன குறிச்சிருக்குன்னு சொல்ற காகிதம், ஆன்லைன்லயே கிடைக்கறது. 2018-ல அனுமதியான 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்டம்தான் இப்போ நடப்புல இருக்கு. மைதானமா, கார்டனா, ரோடு அகலப்படுத்தலா, ஸ்கூலா, எல்லாம் அதுல தெரியும். புரோக்கர் காட்டற கலர் பேப்பரைத் தூக்கிக் குப்பையில போடுங்கோ.

ரெண்டாவது, விக்கற பில்டிங்னா மஹாரேரா, அதாவது மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தோட சைட்டுல லே-அவுட் பிளான் போட்டிருப்பா. 2017-லேர்ந்து கட்டாயம். அதுல ஆர்.ஜி. (விளையாட்டு, பொழுதுபோக்குக்கான திறந்தவெளி)ன்னு எழுதின பச்சைப்பகுதி தரையில இருக்கா, போடியத்துலயான்னு பாருங்கோ. 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், அப்போ இருந்த விதி சொன்ன குறைந்தபட்ச திறந்தவெளி தரையிலதான் இருக்கணும், போடியம் அதுக்கு ஈடாகாதுன்னு தெளிவாச் சொல்லித்து. மண்ணுல மரம் வேர் விடணும், மழைத் தண்ணி உள்ள போகணும், ஃபயர் எஞ்சின் திரும்பணும். எஸ்.ஆர்.ஏ.வுக்குத் தனித் தளர்வெல்லாம் உண்டு, அதனால விஜி, உங்க சொசைட்டி முதல்ல அனுமதியான பிளானோட நகலை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கணும். போடியம் பொதுவா, சேலுக்கு மட்டுமான்னு அதுலதான் தெரியும். வாட்ச்மேன்கிட்ட வாதாடிப் பிரயோஜனம் இல்லை.

மூணாவது, அந்தத் தாராவிப் பையன். அம்மா பேர் ரேஷன் கார்டுல, வோட்டர் லிஸ்ட்ல, கரண்ட் பில்லுல எந்த விலாசத்துல இருக்குன்னு பார். 2000-க்கு முன்னாடி எது இருந்தாலும் லேமினேட் பண்ணாம பத்திரமா வை. அனெக்ஷர்-2, அதாவது யாருக்கெல்லாம் வீட்டுக்குத் தகுதின்னு சொல்ற லிஸ்ட், வந்தா ஆட்சேபம் சொல்ல நாள் ரொம்பக் குறைச்சலாத்தான் தருவா. நாலாவது...

பைக்கு தம்பி

தாத்தா, நாலாவது அஞ்சாவதுன்னு போய்க்கிட்டே இருக்கீங்க. டி.பி. ரிமார்க்குல கார்டன்னு இருக்கும், சரி. கேட்டுல பூட்டு இருந்தா?

நான் சாப்பாடு டெலிவரி. மதியம் ரெண்டு மணிக்கு ஆர்டர் குறையும், அப்பத்தான் உக்கார நேரம். எங்க ஏரியா கார்டன் சரியா அந்த நேரத்துல பூட்டு. காலைல வாக்கிங் போறவங்களுக்கும் சாயங்காலம் பிள்ளைங்களுக்கும் திறப்பாங்களாம். மே மாசம் வெயில்ல கம்பிக்கு வெளிய பைக்கை நிழல் விழற பக்கமாச் சாய்ச்சு நிறுத்திட்டு நாங்க ஏழெட்டுப் பேர் வரிசையா உக்காந்திருப்போம். உள்ள நல்ல வேப்பமரம், அடியில சிமென்ட் பெஞ்சு, நாய் ஒண்ணு மல்லாக்கப் படுத்துத் தூங்குது. தோட்டக்காரர் உள்ளயிருந்து எங்களுக்குத் தண்ணி பாட்டில் நிரப்பிக் கம்பி வழியாக் குடுப்பார். பூட்டு மட்டும் திறக்க மாட்டார், வேலை போயிடுமாம்.

மாட்டுங்கா தாத்தா

அதுக்கும் ஒரு மனு உண்டு. வார்டு ஆபீஸ்ல கார்டன் டிபார்ட்மென்ட்னு தனியா இருக்கு.

பைக்கு தம்பி

மனு எழுத உக்காரத்தான் தாத்தா இடம் தேடுறேன்.

லோயர் பரேல் 9 டு 9

😂 கிராஸ்ரோடு பையன், கடைசியில அம்மாவை எந்தக் கட்டத்துல போட்டீங்க?

கிராஸ்ரோடு பையன்

கீழ. அண்ணிதான் டக்குன்னு "அத்தை எங்ககூட"ன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பையன் டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்.

சயான் டீச்சர்

நான் இதுவரைக்கும் படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். நேருநகர் அக்கா சொன்னதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஆனா மரத்தை வெட்டிட்டு வீடு கட்டணும்னு சொல்ற ஆளும் நான் இல்ல. 2019 அக்டோபர்ல ஆரே காட்டுல மெட்ரோ ஷெட்டுக்காக ராத்திரியோட ராத்திரியா ரெண்டாயிரத்துக்கு மேல மரம் வெட்டினப்ப அழுதவ. அதே மெட்ரோவுல இப்ப பி.கே.சி.க்கு (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) போறேன், ஏசி நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் உண்மை, என்னத்தச் சொல்ல.

நான் எழுத வந்தது சயான் பிரிட்ஜ் பத்தி. 1912-ல கட்டினது. ரயிலுக்குக் கூடுதல் லைன் போடணும்னு 2024 ஆகஸ்ட் 1-லருந்து மூடி இடிச்சாங்க. வேண்டிய வேலைதான். ஆனா தாராவிப் பக்கத்துலருந்து எங்க ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அதுதான் வழி. பஸ் சுத்திப் போக ஆரம்பிச்சது. மொத வாரம் அசெம்பிளியில பாதி கிளாஸ் காலி. ஒரு ஆறாங்கிளாஸ் பொண்ணு தினமும் லேட்டா வந்து வாசல்ல நிப்பா. திட்டினேன்னு வைங்க, அவ நோட்டுல வரைஞ்சு வச்சிருந்த மேப்பை எடுத்துக் காட்டினா. எந்தச் சந்துல தண்ணி தேங்கும், எந்த இடத்துல லாரி ரிவர்ஸ் எடுக்கும், எந்த டிராஃபிக் ஹவால்தார் பிள்ளைங்களுக்கு வண்டியை நிறுத்துவார், எல்லாம் பென்சில்ல குறிச்சிருந்தா. அவ தங்கச்சி ரெண்டாங்கிளாஸ், அவளையும் கையில பிடிச்சுக்கிட்டு வரணும், அதுக்காகப் போட்ட மேப்.

லேட் மார்க் போடுற ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் பதினைஞ்சு நிமிஷம் விட்டுக் குடுக்கணும்னு ஸ்டாஃப் மீட்டிங்குல கேட்டிருக்கேன். வேற ஸ்கூல்கள்ல இதுக்கு என்ன ஏற்பாடு பண்ணினாங்கன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.