லேசர் ஹெட்: தலையா, முனையா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

லேசரைச் சீரொளி என்கிறோம்; லேசர் ஹெட்டைச் 'சீரொளித்தலை' என்று சொல்ல இங்கே ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. நான் எதிர்க்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தைத் தமிழிலும் குடிவைக்கப் பார்க்கிறோம்.

கல்லூரி ஆய்வகத்தில் 632.8 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கதிர் தரும் ஹீலியம்-நியான் லேசர் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதன் உருளையைத்தான் லேசர் ஹெட் என்கிறார்கள். வாயுக்குழாயும் எதிரெதிர் ஆடிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒளி பிறப்பதே அங்கேதான். இராமநாதபுரம் பட்டறையில் எஃகுத் தகடு வெட்டும் இயந்திரத்திலோ, ஒளி பிறப்பது ஓரமாக நிற்கும் பெட்டியில், இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழைக்குள். கேபிள் வழியே வந்து சேரும் அந்த ஒளியை வேலைக்கு ஆயத்தப்படுத்தி அனுப்புவது மட்டுமே ஹெட்டின் பொறுப்பு. ஒன்று பிறந்த வீடு, மற்றது புகுந்த வீடு. இரண்டுக்கும் ஒரே கதவு எண் எதற்கு?

பிறக்கும் இடத்துக்குச் 'சீரொளியாக்கி' என்று வைக்கலாம். மின்னாக்கி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். வேலை நடக்கும் இடத்துக்குச் 'சீரொளிமுனை'. நம் கடற்கரைக்காரர்களுக்கு முனையை விளக்க வேண்டியதில்லை. தனுஷ்கோடிச் சாலை போய் முடியும் இடம் அரிச்சல்முனை. பயணம் முடிந்து பொருளைத் தொடும் இடம் சீரொளிமுனை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இழையிலிருந்து விரிந்து வரும் கதிரை முதல் வில்லை இணையாக்குகிறது, அடுத்தது குவிக்கிறது. குவிந்த புள்ளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். வில்லைகளுக்குக் கீழே அவற்றைக் காக்கும் காப்புக் கண்ணாடி, கடைசியில் நாசில் என்னும் குறுகிய வாய். நாசில் வழியே கதிரோடு சேர்ந்து வாயுவும் பாய்கிறது: மென் எஃகுக்கு ஆக்சிஜன், விளிம்பு கறுக்காமல் வர வேண்டிய துருவேறா எஃகுக்கு நைட்ரஜன். தகட்டுக்கும் நாசிலுக்கும் உள்ள இடைவெளியை மின்தேக்குத்திறன் உணரி அளந்துகொண்டே இருக்கிறது. தகடு நெளிந்திருந்தாலும் முனை தானாக ஏறி இறங்குவது அதனால்தான்.

இவ்வளவிலும் வம்பு பிடித்தது அந்தக் காப்புக் கண்ணாடி. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். அதில் ஒரு தூசி ஒட்டினால் போதும்; ஒளியை வாங்கிச் சூடாகி, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக எரிந்து பதிந்துவிடும். கண்ணாடி சூடேறினால் குவியமும் இடம் மாறும். வெட்டு அடிவரை இறங்காது, கீழ் விளிம்பில் பிசிறு தொங்கும். நம் பக்கத்துக் காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. முனையைக் குளிர்விக்கும் நீரை 20 டிகிரியில் வைத்துவிட்டு ஏசி இல்லாத கொட்டகையில் இயந்திரத்தை ஓட்டினால், வில்லைமேல் பனிக்கிறது. இயந்திரம் விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து

—

தம்பிக்கு,

சீரொளியாக்கி நல்ல சொல். முனையில்தான் தயக்கம். நேர்முனை, எதிர்முனை என்று மின்னியலில் முனை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. பத்தாம் வகுப்பு மாணவன் சீரொளிமுனை என்றதும் கம்பி இணைக்கும் இடத்தைத் தேடுவான். இல்லையென்றால் நாசிலின் நுனியை மட்டும் நினைப்பான். அச்சுப்பொறிக்கு அச்சுத்தலை என்கிறோமே, யாரும் குழம்பவில்லையே? பட்டறைப் பையன்கள் 'ஹெட்டு' என்கிறார்கள். அவர்களுக்கும் தலை அடுத்த வீடு.

இன்னொன்று. இராமேசுவரத்தில் நினைவுப்பொருள்களில் பெயர் பொறிக்கும் இயந்திரம் வந்தால் அங்கே உன் முனை எது?

கீழக்கரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

—

ஐயாவுக்கு வணக்கம்.

கடைசிக் கேள்வி முக்கியமானது. கரியமில வாயுச் சீரொளியில் பொறிக்கும் மேசை இயந்திரம் என்றால் முனை நகரும். 1964இல் குமார் படேல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்த வகையின் ஒளிக்கு அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், அது சாதாரணக் கண்ணாடி இழையில் போகாது. ஆகவே ஆடிகள் வழியே முனைக்கு வந்து, துத்தநாக செலினைடு வில்லையில் குவிகிறது. உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் இழைச் சீரொளி இயந்திரத்தில் முனை அசைவதே இல்லை. உள்ளே இரண்டு சிறிய ஆடிகள் திரும்புகின்றன. கதிர் மட்டும் பொருள்மேல் ஓடுகிறது. ஸ்கேனரை வருடி என்கிறோம், இதை வருடுமுனை என்போம்.

மின்முனைக் குழப்பத்தை அடைமொழி தீர்த்துவிடும். நேர்முனையும் வடமுனையும் ஒரே பாடநூலில் சண்டையில்லாமல் இருக்கின்றன. தலையில் எனக்குள்ள சிக்கல், அது தனியாக நிற்கும், கூட்டில் இடறும் என்பது. வெட்டுத்தலை என்று சொல்லிப் பாருங்கள், பலிபீடம் நினைவுக்கு வருகிறது. வெட்டுமுனை, பற்றவைப்புமுனை, துருநீக்குமுனை எல்லாம் தடையின்றி வாயில் வருகின்றன. இவற்றில் துருநீக்குமுனை இக்கடற்கரையில் அதிகம் புழங்கப்போகும் சொல் என்று நினைக்கிறேன். துடிப்பு துடிப்பாக ஒளியை அடித்துத் துருவை ஆவியாக்கும் கைக்கருவி அது.

நுனி பற்றிய உங்கள் கண்டனத்தை ஏற்கிறேன். நாசிலை நாசிலாகவே விட்டுவிடுவோம். கடையில் கேட்டால் கிடைக்க வேண்டுமே.

பட்டறைப் பையன்களுக்கான கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்: "சீரொளியாக்கியை அணைத்த பின்னரே வெட்டுமுனையைத் திறக்கவும். காப்புக் கண்ணாடியை விளிம்பில் மட்டும் பிடிக்கவும். எரிந்த புள்ளி இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றவும். கண்ணாடி வெளியே இருக்கும்வரை முனையில் அது இருந்த திறப்பைத் தாள்நாடாவால் மூடிவைக்கவும்."