மழை விடுறதுக்குள்ள இந்த அரிப்பு அடங்குமா?

அண்ணன்மாரே, அக்காமாரே, கூச்சத்துல பேர் போடாம கேக்குறேன். தொடை இடுக்குல மூணு மாசமா ஒரே அரிப்பு. ஓரம் சிவந்து வட்டமா படருது, நடுவுல தோல் கறுத்துருச்சு. தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வேலை, செடிய வெட்டி விடுறது. மழை புடிச்சதுல இருந்து காலையில நனையுற கால்சட்டை அந்தி வரைக்கும் இடுப்புலயேதான் காயுது. லயத்து வீட்டுல துணி காயுறதும் அடுப்புப் புகையிலதான்.

டவுன் பாமசியில ஒரு கிறீம் தந்தாங்க. ரெண்டே நாள்ல மந்திரம் போட்ட மாதிரி அடங்குச்சு. விட்டதும் முன்னைய விடப் பரவிருச்சு. டியூப்ப வாசிச்சா பெட்டமெத்தசோன்! அது ஸ்டீரொய்ட், சிவப்ப மறைச்சு பங்கஸ வளர விடும்னு மச்சான் ஏசினான். இப்ப பங்கஸுக்குப் பூசுற க்ளோட்ரிமசோல் 1% கிறீம் காலையும் ராவும் பூசி 10 நாளாச்சு, கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. கால் விரலிடுக்குலயும் வெள்ளையா ஊறிக் கெடக்கு, அங்க இருந்துதான் ஏறுதோ?

நுவரெலியா ஆஸ்பத்திரியில தோல் கிளினிக் என்ன கெழமை, டொக்டர் எழுதிக் குடுக்குற துண்டு இல்லாம போகலாமா? வீட்டுக்காரிக்கும் இப்ப அரிக்குதாம், ரெண்டு பேரும் சேர்ந்து காட்டணுமா? மழையில நீங்க துணிய எப்படிக் காய வைக்கிறீங்க? வேப்பிலை, மஞ்சள்னு சொல்றவங்க கோவிச்சுக்காதீங்க, அம்மா ஏற்கனவே அரைச்சுப் பூசி எரிஞ்சதுதான் மிச்சம்.