மறு: நேரலைப் பக்கத்தில் பழசாகிப்போன அளவுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

நேரலைப் பக்கத்தில் நேரம் போன பிறகும் நிற்கும் அளவுக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மூன்று நாளாக இந்த மடல் இழையில் வந்த சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, என் வீட்டு வானிலை நிலையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தனியாகப் படிக்கும்போது அழகாக இருந்த சில சொற்கள், வெப்பநிலைக்கும் மழைக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் வேறு பொருள் தர ஆரம்பித்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில், மொட்டை மாடியில் ஒரு சிறு நிலையம் வைத்திருக்கிறேன். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை, காற்றழுத்தம் என ஐந்தும் வீட்டுக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கு வந்து சேரும். அதில் ஓடும் வீவிஎக்ஸ் (WeeWX) என்ற வானிலை நிரல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அவற்றைக் கோப்பாக்கி வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பும். பக்கத்தைப் பார்க்கிறவர்கள் போவது அந்தச் சர்வருக்கு, என் வீட்டுக்கு இல்லை. இந்த இடம் முக்கியம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். விடியும் முன்பே எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ் தீர்ந்தது, ரூட்டர் அணைந்தது, எல்லாம் இருட்டு. ஆனால் சர்வர் எங்கேயோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தன் கையில் இருந்த கடைசிக் கோப்பை அது நாள் முழுக்கக் காட்டியது. பக்கத்தின் மேலே நான் ஆசையாக வைத்திருந்த கடிகாரம் பார்ப்பவரின் உலாவியில் ஓடுவது. அதுவும் நொடி தவறாமல் ஓடியது. பகல் 2 மணிக்குப் பெங்களூரில் இருந்து பார்த்த என் தங்கைக்கு மேலே இரண்டு மணி என்றும், கீழே காற்று மணிக்கு 14 கி.மீ. என்றும், நடுவில் பச்சை நிறத்தில் 'நேரலை' என்றும் தெரிந்திருக்கிறது. புயல் ஓய்ந்துவிட்டது என்று நம்பி ஊருக்குக் கிளம்பப் பை கட்டிவிட்டாள். அந்த 14 கி.மீ. அதிகாலை 4:50க்கு எடுத்த அளவு.

அளவு பொய்யில்லை. 4:50க்குக் காற்று அவ்வளவுதான். அதன் நேரம் போய்விட்டது என்பதை மட்டும் பக்கம் சொல்லவில்லை. இந்த நிலைக்குத்தான் சொல் கேட்டேன்.

> 'பழைய தரவு' என்றால் எல்லோருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். 2015 டிசம்பர் 2 காலை 8:30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. இது பழைய தரவுதான். ஆனாலும் இது கெடவே கெடாது, ஏனென்றால் எந்த நேரத்து மழை என்பது அந்த எண்ணோடு ஒட்டியே இருக்கிறது. நான் கேட்பது ஏழு நிமிடம், ஒன்பது மணி நேரம் என்று பிந்திப்போய், இன்னும் 'இப்போது' என்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு. என் பக்கத்தில் 'பழைய தரவு' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. அழுத்தினால் போன வருட மழை வரும். இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

'பிந்திய அளவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் பிடித்திருந்தது. அடுத்த மடலிலேயே யாழ்ப்பாணத் தோழி தடுத்துவிட்டார். இலங்கையில் 'பிந்திய செய்தி' என்றால் ஆகக் கடைசியாக வந்த செய்தி. ஒரே சொல் இங்கே தாமதமானதையும் அங்கே புத்தம் புதியதையும் குறித்தால், புயல் நேரத்தில் அது ஆபத்து. இந்த ஒரு திருத்தத்துக்காகவே இந்தக் குழுவில் இருப்பது நிறைவாக இருக்கிறது. அவருக்கு நன்றி.

'காலாவதி' மருந்துப் பட்டைக்கு உரியது. காலாவதியான மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டும். ஆனால் 4:50 அளவைத் தூக்கிப் போட முடியாது, அது பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். அதனால் அதையும் விட்டேன்.

இனி நான் தடுமாறிய இடம். நம் அன்றாடப் பேச்சில் இருந்து வந்த சொற்கள்தான் இந்த இழையில் மிக நன்றாக இருந்தன. 'ஆறிய அளவு' என்ற பரிந்துரைக்கு எத்தனை பேர் ஆமாம் போட்டார்கள்! ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்கிறோம், சுடச்சுடச் செய்தி என்கிறோம். இயல்பாக வந்து உட்காரும் சொல். ஆனால் பக்கத்தில் போட்டதும் இப்படித் தெரிந்தது:

வெப்பநிலை 33.8° – ஆறியது

வீட்டில் காட்டினேன். "சூடு குறைஞ்சிடுச்சா?" என்று கேட்டார்கள். அத்தோடு அது போயிற்று.

'நின்றுபோன அளவு' என்று போட்டால் மழை வரிசையில் 'மழை 82 மி.மீ. – நின்றது' என்று வருகிறது. மழை நின்றுவிட்டதாகத்தான் யாரும் படிப்பார்கள். 'உறைந்த அளவு' மறுபடி வெப்பநிலையில் மாட்டுகிறது. 'தேங்கிய தரவு' மழைக்குப் பக்கத்தில் வந்தால் தெருவில் தண்ணீர் தேங்கியதாகப் படுகிறது, எங்கள் பகுதியில் அது கற்பனையும் இல்லை. 'நமத்துப்போன' என்பதை ஒருவர் முறுக்கை வைத்து விளக்கியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் முறுக்கு நமத்துப்போவது ஈரப்பதத்தால். ஈரப்பதம் 94% என்பதற்குப் பக்கத்தில் அதை வைக்க முடியவில்லை.

பழசாவதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொற்களில் பாதி வெயில், மழை, ஈரத்தில் இருந்து வந்தவை என்பது இப்படிப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. வேறு எந்தத் துறைக்கும் அவை பொருந்தலாம், வானிலைக்கு மட்டும் பொருந்தவில்லை.

அதனால் நான் முன்வைக்கும் சொல்: வாடிய அளவு.

காலையில் வாங்கிய பூ சாயங்காலம் வாடுகிறது. அது போலிப் பூ இல்லை, அழுகவும் இல்லை. இப்போது சூட முடியாது, அவ்வளவுதான். நமக்கு வேண்டிய பொருள் துல்லியமாக இதுதான். ஐந்து வரிசையிலும் போட்டுப் பார்த்தேன். 'காற்று 14 கி.மீ. – வாடியது, 9 மணி நேரம் முன்' என்பதைப் படித்த யாரும் காற்று குறைந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

> வாடுவது என்றால் பயிர் வாடுவதும் வருமே? வறட்சி என்று தோன்றாதா?

கோவையில் இருந்து வந்த இந்தக் கேள்வி நியாயமானது. 'ஒரு உழவு மழை' என்று மண்ணின் ஈரத்தை வைத்தே மழையை அளந்த ஊர்க்காரர் கேட்கிறார், லேசாகத் தள்ள முடியாது. மண் ஈரத்தை அளக்கும் உணரி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இந்தச் சொல் இடறக்கூடும். அங்கே 'வாடிய அளவு' என்று இரண்டு சொல்லையும் முழுதாக எழுதுங்கள், வெறும் 'வாடியது' வேண்டாம். மற்ற வரிசைகளில் இடறவில்லை.

பூவை நான் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் வாடுவதில்லை. மல்லிகை சீக்கிரம் வாடும், கனகாம்பரம் தாக்குப்பிடிக்கும். அளவுகளும் அப்படியே. காற்று நொடிக்கு நொடி மாறும். திடீரென்று வீசும் காற்றின் வீச்சை 3 நொடிச் சராசரியாகவும், நிலையான காற்றை 10 நிமிடச் சராசரியாகவும் எடுக்கச் சொல்லி உலக வானிலை அமைப்பு பிரித்து வைத்திருப்பதும் அதனால்தான். வெப்பநிலை கொஞ்சம் மெதுவாக மாறும், ஆனால் கோடைப் பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்தால் அரை மணிக்குள் மூன்று நான்கு டிகிரி இறங்கிவிடும். காற்றழுத்தம் இவற்றில் நிதானமானது. சாதாரண நாளில் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்கு ஏறி, மாலை 4 மணி வாக்கில் இறங்கி, இரவில் இன்னொரு முறை ஏறி இறங்கும். மொத்த ஏற்ற இறக்கமே சில ஹெக்டோபாஸ்கல்தான் (அழுத்தத்தை அளக்கும் அலகு).

ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி கெடு வேண்டும். அதற்கும் சொல் தானாகவே கிடைக்கிறது: வாடுநேரம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். என் பக்கத்தில் காற்றின் வாடுநேரம் 6 நிமிடம், மழைக்கும் அதுவே, வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் 12 நிமிடம், அழுத்தத்துக்கு 30 என்று வைத்திருக்கிறேன். கோப்பே 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வருவதால் காற்றுக்கு இதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது. அந்த நேரம் தாண்டினால் எண் சாம்பல் நிறமாகும், 'நேரலை' பட்டை மறையும், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று வரும். கடிகாரத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது மேலே தெரிவது கடைசி அளவின் நேரம் மட்டுமே.

வானிலையோடு தொடர்பில்லாதவர்களுக்கும் இந்தச் சொல் பயன்படும் என்று நினைக்கிறேன். இணையத்தில் கேஷ் நகல்கள், அதாவது மறுபடி காட்டுவதற்காகச் சேமித்து வைத்த பக்க நகல்கள், எவ்வளவு நேரம் செல்லும் என்பதை 2022இல் வந்த ஆர்எஃப்சி 9111 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்கிறது. ஒரு நகலுக்கு ஒரு ஆயுள் உண்டு. அதன் வயது அந்த ஆயுளைத் தாண்டாத வரை அது புதுசு, தாண்டினால் பழசு. நகலில் இருப்பது சரியா தவறா என்று அந்த விதி கேட்பதே இல்லை, வயதை மட்டும் பார்க்கிறது. நம் பூவும் அதே கணக்குதான். எனவே 'வாடிய நகல்', 'வாடாத நகல்', 'நகலின் வாடுநேரம்' என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதுகிறவர்கள் மாறிக்கு 'வாடியதா' என்று பெயர் வைத்தால் ஆம், இல்லை இரண்டும் இயல்பாக வரும்.

ஒன்றை மட்டும் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைமானியின் புனலில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் வெளியே கொட்டும்போதும் பக்கம் 0.0 என்று காட்டும். பருவமழையில் சில ஈரப்பத உணரிகள் நாள்கணக்கில் 100% என்றே நிற்கும். அவை சரியான நேரத்துக்கு வந்த தவறான அளவுகள். அவற்றை வாடிய அளவு என்று சொல்லக்கூடாது, 'பிழை அளவு' என்பதே போதும். வாடியது தானாகச் சரியாகும், அடுத்த அளவு வந்தால் போதும். பிழைக்கு யாராவது மாடி ஏறியாக வேண்டும்.

'நேரலை' என்ற சொல்லையே விடலாமா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். தொலைக்காட்சியால் ஊறிப்போன சொல், மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் வாடுநேரம் குறிக்காத எண்ணுக்கு மேலே அந்தப் பட்டையை நான் இனி வைக்கப் போவதில்லை.

எதிர்ப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஞாயிறு வரை காத்திருந்து விக்கிசனரியில் இரண்டு சொல்லையும் எடுத்துக்காட்டு வரியோடு சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்குள் ஓர் உதவி வேண்டும். புயல் கிட்டே வரும்போது அழுத்தம் சரசரவென்று இறங்குவதால், 30 நிமிடம் அந்த நாட்களுக்கு அதிகம் என்று படுகிறது. நாகப்பட்டினம், கடலூர் பக்கம் நிலையம் வைத்திருப்பவர்கள் உங்கள் பதிவுகளைப் பார்த்து, 10 நிமிடமா 15ஆ என்று சொன்னால் அப்படியே மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மாடி மழைமானிக்காரன்