கலைச்சொல் தேவை: ‘ஹேரெம்’ – சாபத்தீடா, நேர்ந்தழிப்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கிறித்தவ மறைநூலில் வன்முறையும் வன்முறை மறுப்பும் குறித்து இறையியல் மாணவர்களுக்காக ஒரு பாடம் எழுதிவருகிறேன். கலைச்சொல் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்தான் மிச்சம். எபிரேயத்தில் ‘ஹேரெம்’ என்பது, ஒன்றைக் கடவுளுக்கென்று ஒதுக்கி, பிறகு எவரும் அதை மீட்கவோ விற்கவோ முடியாதபடி செய்துவிடுவது. போரில் அதுவே பிடிபட்ட ஊரை உயிரோடும் உடைமையோடும் அழிப்பதாக முடிகிறது. நம் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) இந்த ஒரு வேர் மூன்று சொற்களாகச் சிதறிக் கிடக்கிறது: லேவியராகமம் 27:28இல் ‘நேர்ந்துகொள்ளப்பட்டவைகள்’, யோசுவா 6:17இல் ‘சாபத்தீடு’, உபாகமம் 7:2இல் ‘சங்காரம்’. முதலாவதைப் படிக்கும் மாணவர் காணிக்கையை நினைக்கிறார், மூன்றாவதைப் படிப்பவர் போர்க்களத்தை நினைக்கிறார். மூலத்தில் இரண்டும் ஒன்றே என்றால் நம்ப மறுக்கிறார். மத்தேயு 5:39இன் ‘மறு கன்னத்தை’ இதற்கு எதிரே வைத்துத்தான் பாடமே நடக்கிறது என்பதால் இதை மழுப்பவும் வழியில்லை. ‘நேர்ந்தழிப்பு’ என்று ஆக்கியிருக்கிறேன். சரிதானா?

———

ஐயா, வணக்கம்.

கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேடுகிறீர்கள்? சாபத்தீடு என்பது சாபத்து + ஈடு. ‘இடு’ என்னும் பகுதி முதல் நீண்டு ‘ஈடு’ ஆயிற்று, ‘கெடு’ ‘கேடு’ ஆனதைப் போல. ஆக, சாபத்தின்கீழ் இடப்பட்டது என்பது பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஹேரெமுக்கு எடுத்த ‘அனாதெமா’வும் ‘மேலே எடுத்து வைத்தது’ என்ற வினையிலிருந்து பிறந்ததே. அங்கே வைத்தல், இங்கே இடுதல்; இப்படி ஒரு பொருத்தம் நாம் தேடினாலும் கிடைக்காது. (திருவாய்மொழி உரையை ஏன் ‘ஈடு’ என்கிறோம் என்பதற்கும் இதில் வழியிருக்கிறது, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

———

> சாபத்தின்கீழ் இடப்பட்டது

ஈடு பொருந்துகிறது, சாபம் பொருந்தவில்லை. லேவியராகமத்தில் அதே பொருள் ‘பரிசுத்தம்’ எனப்படுகிறது, அங்கே சாபத்துக்கு இடமேது? தமிழில் மட்டும் படிக்கும் ஒருவர் யோசுவாவின் சாபத்தீட்டையும் கலாத்தியர் 3:13இன் ‘நமக்காகச் சாபமாகி’ என்பதையும் ஒரே நூலில் கோத்துவிடுவார். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘கதாரா’ என்ற வேறொரு சொல். இல்லாத உறவைத் தமிழ் உண்டாக்கிவிடுகிறது.

ஆனால் ‘நேர்ந்தழிப்பு’க்கும் எனக்கு மறுப்பு உண்டு. ஆசிரியர் அதை நேர்ந்து + அழிப்பு என்று வினையெச்சமாக வைத்து ஆக்கினார். மாணவர் அதை நேர்ந்த + அழிப்பு என்று பெயரெச்சமாகப் பிரித்துவிடக்கூடும்; புணர்ச்சி விதிப்படி அது ‘நேர்ந்தவழிப்பு’ என்றே வரும் என்றாலும், படிக்கும்போது எல்லாரும் விதியை நினைப்பதில்லை. விபத்து நேர்ந்தது, இழப்பு நேர்ந்தது என்பதைப் போல, அழிப்பும் தானாக நேர்ந்ததாகிவிடும். யோசுவா 6இல் அழிக்கப்படும் ஊரான எரிகோவில் வாளெடுத்தவர் யார் என்ற கேள்வியே அந்தப் பாடத்தின் உயிர். ஓர் உகரம் கெட்டதில் அவர்கள் தப்பிவிடக் கூடாது.

———

அன்பர்களே, சங்க இலக்கியத்தை மறந்துவிட்டீர்களே! புறநானூற்று 26ஆம் பாடலில் பகைவரின் முடித்தலை அடுப்பாகிறது, குருதி உலைநீராகிறது, தொடியணிந்த தோள் துடுப்பாகிறது. பாண்டியன் செழியன் களத்தையே வேள்வி ஆக்குகிறான். அழிவையும் படையலையும் ஒன்றாய்ப் பிணைத்த ‘களவேள்வி’ ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கிறது. இது இஸ்ரவேலருக்கு மட்டும் உரிய வழக்கும் அன்று. 1868இல் கிடைத்த, அண்டை நாடான மோவாபின் அரசன் மேசாவின் கல்வெட்டு, நேபோ ஊரில் 7000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்கு ஆக்கியதாக இதே வேர்ச்சொல்லால் பெருமை பேசுகிறது. அண்டை நாட்டாரிடமும் இருந்த வழக்குக்கு நம் புறத்திணைச் சொல் பொருந்தாதா?

———

அழகான சொல், ஆனால் மறைநூலே அதை மறுத்துவிடுகிறது. 1 சாமுவேல் 15இல், அமலேக்கியர் என்னும் பகை இனத்தை ஹேரெம் ஆக்கும்படி கட்டளை பெற்ற இஸ்ரவேல் அரசன் சவுல் அவர்களின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்து, கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்தோம் என்கிறான். தீர்க்கதரிசி சாமுவேல் அதை ஏற்கவில்லை, சவுலின் அரசே போகிறது. ஹேரெம் வேறு, பலி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வேள்வி, பலி, படையல் மூன்றையும் தள்ளிவிடலாம்.

தனிமடலில் ஒருவர் சொன்ன ‘முற்றழிப்பு’ம் வேண்டாம். உபாகமம் 7:2 சங்காரம் பண்ணச் சொல்கிறது, அடுத்த வசனமே அவர்களோடு சம்பந்தம் கலக்காதே என்கிறது. செத்தவர் வீட்டில் யார் போய்ப் பெண் கேட்பார்கள்? அந்தக் கட்டளை சொன்னபடியே நடந்ததா, நடந்திராத ஒன்றைப் பிற்காலத்தார் கடுமையாக எழுதிவைத்தார்களா என்று அறிஞர்கள் வாதிடும் இடம் இது. கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிட்டால் வகுப்பில் பேச என்ன மிஞ்சும்?

ஒலிபெயர்ப்பே நல்லது. ‘ஹேரெம்’ என்றே எழுதுங்கள்.

———

கிரந்தம் இல்லாமல் எழுதினால் அது ‘ஏரெம்’ ஆகும்; மாணவர் உழவைத் தேடுவார். ஒலிபெயர்ப்பு என்பது கலைச்சொல் ஆக்கமன்று, கைவிரிப்பு.

———

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. எண்ணிப் பார்த்ததில் சாபத்தீட்டுக்கு இருவர், ஒலிபெயர்ப்புக்கு இருவர், களவேள்விக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும், ‘நேர்ந்தழிப்பு’க்கு என்னையும் சேர்த்து நால்வர். இலக்கண மறுப்பு நியாயமானது என்பதால், புணர்த்தாமல் ‘நேர்ந்து அழித்தல்’ என்று இரு சொல்லாகவே அச்சிடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘ஹேரெம்’ பக்கத்தில் நிற்கும். பழைய திருப்புதலின் மூன்று சொற்களும் பெட்டிச் செய்தியாக வரும்.

———

இரு சொல்லாக நிற்பது விளக்கம்தான், கலைச்சொல் ஆகாது. அகரவரிசையில் அதை எங்கே தேடுவது? சாபத்தீட்டுக்குக் கைதூக்கிய இருவரில் நான் ஒருவன் என்பதையும், இன்னும் இறக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘ஈடு’ பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.