மூத்த சின்சேயின் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது: நோட்டில் எதை எழுதுவது, எதைக் கேட்பது?

ஈப்போ மாணவன்

அனைவருக்கும் வணக்கம். சீன மருத்துவப் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டில் இருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து வாரம் இரண்டு காலை ஒரு மூத்த சின்சேயின் (சீன மருத்துவர்) கிளினிக்கில் உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது. மூலிகை, ஊசி இரண்டும் பார்ப்பவர். ஒரு காலையில் 30 பேர் வருவார்கள், அவரும் அதிகம் பேசமாட்டார். நான் சீனப் பள்ளியில் படித்ததால் மொழி தடையில்லை. மருந்துச் சீட்டின் சுருக்கங்கள்தான் தடுமாற்றம்.

சீனியர்கள் "சீட்டை அப்படியே எழுதிக்கொள், போதும்" என்கிறார்கள். அது போதுமா? நோயாளி முன்னால் என்ன கேட்கலாம், எதைத் தள்ளி வைக்கவேண்டும்? ஊசியில் எப்போது கை வைக்கலாம்?

மருந்துத் தராசு

தம்பி, சீட்டை நகலெடுப்பது ஆரம்பம்தான். ஆறு மாதம் நகலெடுத்துவிட்டு ஒரு மூட்டை நோட்டோடு வெளியே வருபவர்கள் நிறைய. சீட்டில் முடிவு மட்டும்தான் இருக்கும், அதற்கு வந்த வழி இருக்காது.

நோயாளி உட்கார்ந்ததும் நாடியும் நாக்கும் பார்த்து, சின்சே வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் கணிப்பையும் உங்கள் சூத்திரத்தையும் (மூலிகைக் கூட்டு) நோட்டின் இடப்பக்கம் எழுதுங்கள். அவர் எழுதியதை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அந்த இடம்தான் அன்றைய கேள்வி. 30 பேருக்கும் செய்ய முடியாது, ஐந்து பேர் போதும். படியேறி மூச்சிரைக்க வந்தவரின் நாடியை உடனே பிடிக்காதீர்கள், சில நிமிடம் உட்கார விடுங்கள். நாக்குப் படிவு பழுப்பாக இருந்தால் காலையில் காப்பி குடித்தாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அளவை விட்டுவிட்டு மூலிகைப் பெயரை மட்டும் குறிப்பது பெரிய பிழை. குய்சி தாங் சூத்திரத்தையே பாருங்கள். குய்சி (இலவங்கக் கொம்பு) 3 லியாங் (பழைய சீன எடை), ஷாவ்யாவ் (பியோனி வேர்) 3, இஞ்சி 3, அதிமதுரம் 2, சீனப் பேரீச்சை 12 பழம். ஷாவ்யாவை 6 லியாங் ஆக்கினால் அது வயிற்று வலிக்கான வேறு சூத்திரம். குய்சியை 5 ஆக்கினால் அடிவயிற்றிலிருந்து மேலே பாய்ந்து வரும் படபடப்புக்கானது. ஐந்து மூலிகையும் அதே ஐந்துதான். அளவில்லாத நோட்டில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்னொன்று, புது நோயாளியைவிடத் திரும்பி வருபவரைக் கவனியுங்கள். போன முறை கொடுத்தது வேலை செய்ததா, சின்சே எதை நீக்கினார், எதைக் கூட்டினார், எதைத் தொடவேயில்லை என்பதில்தான் அனுபவம் இருக்கிறது. ஒரே நோயாளியின் மூன்று நான்கு வருகைகளை ஒரே பக்கத்தில் வைத்துப் படித்தால் அவர் பேசாமலே பாதி விளங்கிவிடும்.

முடிந்தால் முதல் சில வாரம் மருந்து கட்டும் இடத்தில் நில்லுங்கள். ஐந்து பொட்டலம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து ஒவ்வொரு மூலிகையையும் நிறுத்து, பிறகு தராசிலேயே பிரிக்கவேண்டும். பொட்டலத்துக்குப் பொட்டலம் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. கை அளவில் அள்ளிப்போடும் கடையில் கற்றால் அந்தப் பழக்கம் போகாது. முன்னால் கொதிக்கவேண்டியது, கடைசியில் போடவேண்டியது, துணியில் கட்டவேண்டியது எல்லாம் தனிப் பொட்டலமாகப் போகும். சுவான்ஃபூஹுவா பூவின் நுண்மயிர் தொண்டையை அரிக்கும், அதனால் துணி. செசியென்சி இசப்கோல் இனத்து விதை. சும்மா போட்டால் குழகுழவென்றாகிப் பானை அடியில் பிடித்துத் தீய்ந்துவிடும்.

சுருக்கங்கள் விஷயத்தில் ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். "இரண்டு ஜூ" என்றால் பைஜூ, சாங்ஜூ என்ற இரண்டு கிழங்குகள். "கருக்கிய மூன்று" என்றால் மையா, ஷான்ஜா, ஷென்சூ என்ற மூன்று செரிமான மருந்துகள். பக்கத்தில் 30 கிராம் என்றிருந்தால் மூன்றுக்கும் சேர்த்தா, ஒவ்வொன்றுக்குமா? கிளினிக்குக்குக் கிளினிக் மாறும்.

ஊசிமுனை

ஊசிப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் காகிதத்தில். மெல்லிய காகிதத்தை மடித்து 8 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமனில் நூலால் இறுகக் கட்டுங்கள். 0.25 × 40 மி.மீ. ஊசி வளையாமல் நேராக இறங்கும்வரை அதில்தான். பிறகு உங்கள் காலிலேயே, முழங்காலுக்குக் கீழே உள்ள சூசான்லி புள்ளியில். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் உடம்பு, அதுவும் சின்சே பக்கத்தில் நிற்கும்போது.

அவர் குத்தும்போது எல்லோரும் வலக்கையைத்தான் பார்க்கிறார்கள். இடக்கையைப் பாருங்கள். எங்கே அழுத்துகிறார், தோலை இழுக்கிறாரா, தசையைக் கிள்ளித் தூக்குகிறாரா என்பதில்தான் வலியும் பாதுகாப்பும் இருக்கிறது. நோட்டில் புள்ளியின் பெயரோடு திசை, ஆழம், எந்த வரிசையில் குத்தினார், எவ்வளவு நேரம் விட்டார் என்பதையும் எழுதுங்கள். ட்சுன் என்ற நீள அளவு நோயாளியின் கட்டைவிரல் அகலம், உங்களுடையது அல்ல. உயரமான மாணவர்கள் இதில் அடிக்கடி தவறுகிறார்கள்.

அவர் ஊசி இறக்கியதும் "நான் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தெச்சி (ஊசிக்குப் பிடி விழும் உணர்வு) வந்த ஊசி தூண்டிலில் மீன் கடித்ததுபோல் விரலில் கனக்கும். இதை யாரும் வாயால் சொல்லித்தர முடியாது. ஊசியை ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போனால் தசைநார் சுற்றிக்கொண்டு சிக்கும். அப்போது இழுக்காதீர்கள், எதிர்த்திசையில் திருப்பி விடுங்கள். பயத்தில் தசை இறுகிச் சிக்கினால் சற்றுப் பொறுத்து, சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள்.

தோள், மேல்முதுகு, மார்பு மூன்றும் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். தோள்மேல் உள்ள ஜியான்ஜிங் புள்ளிக்கு நேர் கீழே நுரையீரலின் நுனி. 0.5 முதல் 0.8 ட்சுன் வரைதான், மெலிந்தவருக்கு அதைவிடவும் குறைவு. நுரையீரல் உறை துளைபட்டால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். அப்படி அழைப்பு வந்தால் நேராக மருத்துவமனை, எக்ஸ்ரே.

முதல்முறை வருபவரையும் சாப்பிடாமல் வந்தவரையும் படுக்கவைத்தே குத்தவேண்டும். முகம் வெளுத்து வியர்த்தால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்திப் படுக்கவையுங்கள். குத்தியது எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிக்குள் ஒளிந்த ஊசியோடு வீட்டுக்குப் போன நோயாளிகள் எல்லா ஊரிலும் உண்டு.

ஈப்போ மாணவன்

மிக்க நன்றி சார், நன்றி ஊசிமுனை. ஒரு சங்கடமான கேள்வி. அவருடைய சீட்டு ஒன்றில் ஃபூசி (நச்சுள்ள அகோனைட் வேர்) 30 கிராம் பார்த்தேன். மருந்தியல் நூலில் 3 முதல் 15 கிராம்தான். இதை எப்படிக் கேட்பது? கேட்கலாமா?

செராங்கூன் அக்கா

கேட்கத்தான் வேண்டும் தம்பி, நோயாளி எழுந்து போன பிறகு. "ஏன் அதிகம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சின்சே, இதை எவ்வளவு நேரம் கொதிக்கச் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். பதில் தானாக விரியும்.

ஃபூசியை அதிக அளவில் கொடுக்கும் மரபு சிச்சுவான் பக்கம் உண்டு. அவர்கள் பதப்படுத்திய ஃபூசியை மற்ற மருந்துக்கு முன்பே போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொதிக்கவிடுவார்கள். அதிலுள்ள அகோனிடைன் நீண்ட கொதியில் உடைந்தால்தான் நச்சு குறையும். நோயாளி அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 20 நிமிடத்தில் இறக்கினால் 15 கிராமே ஆபத்து. அந்த மரபின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு கொதியை விட்டவர்களால்தான் கெட்ட பெயர். உதடு, நாக்கு மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருப்பது, நெஞ்சு படபடப்பது: இவை வந்தால் உடனே மருத்துவமனை என்று பொட்டலத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சாராயத்தோடு கூடாது. பன்ஷியா என்ற கிழங்கோடு ஒரே சீட்டில் இருந்தால் அதையும் கேளுங்கள், ஒன்றாகச் சேர்க்கக்கூடாத பதினெட்டு முரண்களில் அது ஒன்று. உங்கள் பதிவு எண்ணில் நீங்கள் எழுதும் காலத்தில் 15 கிராமைத் தாண்டாதீர்கள், உங்கள் சின்சே தாண்டினாலும்.

பழைய சின்சேமார் சிலரிடம் விட்டுப்போகக்கூடிய இடம், நோயாளி சாப்பிடும் ஆங்கில மருந்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு தான்ஷென் என்ற வேர் போனால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டு, சீட்டின் மேலே எழுதி வைத்தால் அவர் கோபிக்கமாட்டார். பச்சைக்குழந்தை என்றால் ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உண்டா என்று கேட்காமல் பெர்பெரின் உள்ள ஹுவாங்லியென் கூடாது. இங்கே சிங்கப்பூரில் பெர்பெரின் உள்ள மூலிகைகளை 1978-இல் தடைசெய்து 2013-இல்தான் விலக்கினார்கள். காரணம் பிறந்த குழந்தைகளின் மஞ்சள்காமாலை.

பெயர்க் குழப்பத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஹான்ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதில், பெயர் ஒத்த குவாங்ஃபாங்ஜி போய்த்தான் 1990-களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. குவாங்ஃபாங்ஜியில் இருந்தது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம். சீட்டில் வெறும் "ஃபாங்ஜி" என்றிருந்தால் டப்பாவின் லேபிளைப் போய்ப் பாருங்கள். வெறும் "பெய்மு" என்றாலும் அப்படியே. இருமலுக்கான அந்தக் கிழங்கில் இரண்டு வகை: சுவான்பெய்மு விலை அதிகம், பொடியாக ஒரு வேளைக்கு 1 முதல் 2 கிராம் விழுங்கக் கொடுப்பார்கள். ஜெபெய்மு 5 முதல் 10 கிராம், கசாயத்தில் போகும்.

மருந்துத் தராசு

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிளினிக்கில் டப்பாப் பொடிதான் (மூலிகைச் சாற்றை வற்றவைத்த செறிவுப் பொடி) என்றால் கிராம் கணக்கே வேறு. பொடியின் செறிவு மூலிகைக்கு மூலிகை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்திலும் ஒரு கிராம் பொடி எத்தனை கிராம் மூலிகைக்குச் சமம் என்று போட்டிருக்கும். முதல் நாளே அந்த எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.