நீல டாங் மீனில் வெள்ளைப் புள்ளி: மறைந்தது, இரட்டிப்பாகத் திரும்பியது. காப்பர் (செப்பு) மருந்து ஊற்றலாமா?

பவளத்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. ஒரு நீல டாங் மீன், இரண்டு க்ளௌன் மீன்கள், ஒரு கோபி மீன்; கூடவே மென்பவளங்கள், நத்தைகள், ஒரு கிளீனர் இறால். டாங்கின் துடுப்பிலும் விலாவிலும் உப்புத்தூள் அளவில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, சில நாட்களில் தாமாகவே மறைந்தன. தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது முன்பைவிட இரண்டு மடங்கு, க்ளௌன்களிலும் தெரிகிறது. அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம்; வெப்பம் 26 டிகிரி; உப்படர்த்தி 1.025. காப்பர் மருந்து கையில் இருக்கிறது. தொட்டியிலேயே ஊற்றிவிடலாமா? புதிதாக மீன் எதையும் சேர்க்கவில்லை, பிறகு இது எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கவில்லை.

உப்புக்காற்று:
புட்டியைத் திறக்காதீர்கள்! இறாலும் நத்தைகளும் செத்துப்போகும், பவளமும் மிஞ்சாது. பாறையும் மணலும் காப்பரை இழுத்துக்கொள்வதால் அளவும் நிலைக்காது. தொட்டியும் கெடும், மீனும் தேறாது.

முதலில் சில விவரங்கள் வேண்டும். புள்ளிகளை எண்ண முடிகிறதா, அல்லது உடல் முழுவதும் மெல்லிய தூசு படிந்தது போலவா? மூச்சு வாங்குகிறதா? பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் பம்பு) நீரோட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து நிற்கிறதா? தூசும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். அதற்கு நாள் கணக்கில்கூட அவகாசம் இருக்காது. க்ளௌன் மீனில் சளி தடித்துத் தோலோடு உரிந்து தொங்கினால் புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. காப்பருக்கு அது மசியாது, ஃபார்மலின்தான் வழி.

பவளத்தொட்டி:
எண்ணிவிடலாம். டாங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் முப்பது இருக்கும். மாலையில் நிறையத் தெரிகிறது, மறுநாள் காலையில் பார்த்தால் குறைந்திருக்கிறது. பாறையில் உடலை உரசுகிறது. தீனிக்கு முந்திக்கொண்டுதான் வருகிறது, மூச்சும் சீராக இருக்கிறது. மீன் சேர்க்கவில்லையே தவிர, சிறு கல்லில் ஒட்டிய பவளத்துண்டு ஒன்று அண்மையில் வந்தது.

ஆழ்கடல்வாசி:
நோயைக் கொண்டுவந்தது அந்தக் கல்தான். இது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ், கடல்நீர் வெள்ளைப் புள்ளி நோய்.

நீங்கள் பார்க்கும் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாட்கள் தின்று கொழுத்த பிறகு, பெரும்பாலும் இருட்டில், மீனை விட்டு உதிர்கிறது. காலையில் புள்ளி குறைவது இதனால்தான். உதிர்ந்தது மணலிலோ பாறையிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டி, கூடு கட்டிக்கொள்கிறது. உள்ளே பிரிந்து பிரிந்து ஒன்று பல நூறாகிறது. கூடு வெடித்ததும் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. ஓரிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். புள்ளி மறைந்த நாட்களில் நோய் உங்கள் பாறைகளில் குடியிருந்தது. இரட்டிப்பாக வந்ததற்கு இதுதான் கணக்கு.

காப்பர் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டையும் தொடாது. ஆகவே எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாட்கள் விடுங்கள். கூடு 72 நாட்கள் கழித்து வெடித்ததாகப் பதிவு உண்டு, அதனால்தான் இந்த எண். வெப்பமான நீரில் ஆறு வாரமே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தச் சூதாட்டத்துக்கு வரமாட்டேன்.

பழைய மீன்காரன்:
இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? தீனியில் பூண்டுச் சாறு கலந்து, வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். கிளீனர் இறால் இருக்கிறதே, அது பொறுக்கித் தின்றுவிடும். என் தொட்டியில் அப்படித்தான் போயிற்று.

ஆழ்கடல்வாசி:
ஐயா, போயிருக்காது, அடங்கியிருக்கும். தாக்குப்பிடித்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்பு வருகிறது. புதிய மீன் ஒன்றை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். வெப்பம் ஏற்றுவது நன்னீர் வெள்ளைப் புள்ளிக்கான வைத்தியம். அது வேறு உயிர். இங்கே ஏற்றினால் நீரில் ஆக்சிஜன் குறையும், செவுள் புண்ணான மீன்தான் திணறும். தோலுக்கு அடியில் கிடப்பதை இறாலால் எடுக்க முடியாது. பூண்டு தீனியை ருசியாக்கலாம், அவ்வளவுதான்.

பவளத்தொட்டி:
சரி, தனித்தொட்டி. அதில் என்னென்ன வேண்டும்? இன்னொன்று: கோபியின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை, பாறை இடுக்கைவிட்டு வெளியே வருவதும் இல்லை. அதை மட்டும் அங்கேயே விட்டுவிடலாமா?

உப்புக்காற்று:
கூடாது. செவுளுக்குள் இருந்தால் வெளியே தெரியாது. அந்த ஒரு மீன் போதும், நோய் 76 நாளும் தின்று வளரும். கண்ணாடிப் பொறியில் தீனி வைத்துப் பிடியுங்கள்.

தனித்தொட்டிக்கு ஹீட்டர், காற்றுக்கல், பழகிய (நல்ல பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய) ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள். ஃபில்டரில் கரி வேண்டாம், அது காப்பரை உறிஞ்சிவிடும். உங்கள் புட்டி எந்த வகை என்று பாருங்கள். காப்பர் சல்ஃபேட் போன்ற அயனி வகைக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், கீலேட் வகைக்கு (காப்பரை வேறு பொருளோடு பிணைத்தது) இதைவிடப் பல மடங்கு, லேபிளில் உள்ளதுதான் அளவு. டெஸ்ட் கிட்டும் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு மூன்று நாட்களில் மெல்ல ஏற்றி, 30 நாட்கள் அந்த அளவிலேயே வையுங்கள். இடையில் இறங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பவளத்தொட்டி:
தொடங்கிவிட்டேன். ஒரு சிக்கல். இரவு 0.18 காட்டுகிறது, காலையில் 0.10-க்கு வந்துவிடுகிறது. மருந்து சேர்த்தாலும் இதே கதை. டாங் பயந்து ஓடுவதால் பெரிய தொட்டியிலிருந்து ஒரு பாறையை எடுத்து நடுவில் வைத்திருக்கிறேன், மற்றபடி நீங்கள் சொன்னது போலத்தான்.

ஆழ்கடல்வாசி:
காப்பரைக் குடிப்பது அந்தப் பாறைதான். கூடுகளும் அதோடு வந்திருக்கும். உடனே எடுங்கள், பெரிய தொட்டிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். காப்பர் அங்கே கசியும். குழாய்த் துண்டே டாங்குக்குப் போதும்.

இன்னொரு எச்சரிக்கை: சிறு தொட்டியில் அம்மோனியா சீக்கிரம் ஏறும். அதை அடக்கும் திரவ மருந்துகளைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். சில வகைகள் காப்பரின் நஞ்சைக் கூட்டிவிடும். தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரிலும் முன்கூட்டியே அதே அளவு காப்பர் கலந்துகொள்ளுங்கள்.

பவளத்தொட்டி:
பாறையை எடுத்த பிறகு அளவு அசையவில்லை. கோபியும் இன்று பொறியில் விழுந்தது, அதையும் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். 76 நாளை டாங்கை எடுத்த நாளிலிருந்து எண்ணலாமா?

உப்புக்காற்று:
இன்றிலிருந்துதான். கடைசி மீன் வெளியேறிய நாளே முதல் நாள். கோபி இன்றுதான் காப்பருக்குள் வந்திருப்பதால் அந்த 30 நாளையும் இன்றிலிருந்தே எண்ணுங்கள். இரண்டு தொட்டிக்கும் தனித்தனி வலை, வாளி வையுங்கள். இறாலுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தீனி போடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கும் அதுதான் உணவு. இடையில் புதிய பவளம் எதுவும் வேண்டாம், அது கல்லில் ஒட்டியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.