கிரேட் அலகெனி பாதையில் சைக்கிளும் பீரும்: ஓட்டிப் பழகியவர்கள் தங்கள் புனைபெயரில் சொல்வது

மலையேறி

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் இருந்து மேரிலாந்தின் கம்பர்லண்ட் வரை 150 மைல், பழைய ரயில் தடம். வார இறுதிக்குத் திட்டம் போடுகிறவர்கள் ப்ரூவரி (பீர் காய்ச்சி விற்கும் இடம்) பட்டியலைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏற்ற இறக்கப் படம். பாதையின் உச்சி ஈஸ்டர்ன் கான்டினென்டல் டிவைட் என்னும் நீர்பிரி மேடு, 2,392 அடி. கம்பர்லண்டில் இருந்து 24 மைலில் 1,750 அடிக்கு மேல் ஏறினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். பிட்ஸ்பர்க் பக்கம் இருந்து வந்தால் ஏறக்குறைய அதே ஏற்றம் 126 மைலுக்குப் பரவிக் கிடக்கிறது. ஏறுகிறோம் என்பதே தெரியாது.

அதனால் ஒருநாள் பயணம் என்றால் என் பரிந்துரை மையர்ஸ்டேல் முதல் கம்பர்லண்ட் வரை, 32 மைல். காரை கம்பர்லண்டில் விட்டுவிட்டு, ஷட்டில் வண்டியில் சைக்கிளோடு மையர்ஸ்டேல் போய்விடுங்கள். முதல் 8 மைல் லேசான ஏற்றம், மீதி 24 மைலும் இறக்கம். பீர் கம்பர்லண்டில், ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு. ஷட்டிலை காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்த பிறகு ஷட்டிலுக்குக் காத்திருப்பதும், டேப்ரூமில் (ப்ரூவரியின் பீர் ஊற்றித் தரும் கூடம்) உட்கார்ந்த பிறகு கார் எடுக்க 32 மைல் போவதும் வேண்டாத தலைவலி. அன்று இரவு அங்கேயே தங்குவது, இல்லையென்றால் குடிக்காத ஒருவர் கார் ஓட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இறக்கம் அதிகபட்சம் 1.75 சதவீதம்தான். ஆனாலும் பெடல் மிதிக்காமலே வண்டி நல்ல வேகம் எடுத்துவிடும். கார்கள் நுழையாமல் இருக்க, சாலையைக் கடக்கும் இடங்களில் கம்பமோ கேட்டோ நட்டிருப்பார்கள். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் சட்டென்று விலகுவார், பின்னால் வருகிறவருக்குக் கம்பம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். இறக்கத்தில் இரண்டு மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவர் 'கம்பம்' என்று குரல் கொடுக்க வேண்டும்.

கம்பர்லண்டில் இருந்து எண்ணினால் 22ஆவது மைல் வாக்கில் பிக் சாவேஜ் சுரங்கம், 3,294 அடி நீளம். உள்ளே விளக்கு உண்டு, குளிரும் உண்டு. கறுப்புக் கண்ணாடியை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் கதவை மூடிவிடுவார்கள், வழக்கமாக டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் இந்தத் திட்டமே கிடையாது.

மெதுவண்டி

எல்லா பீரையும் கடைசிக்குத் தள்ளணும்னு அவசியம் இல்லை. நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தால்தான் இந்த மாதிரிப் பயணத்துக்கே ருசி. என்ன, கணக்கு தெரிஞ்சு குடிக்கணும்.

அமெரிக்காவில் 'ஒரு டிரிங்க்' என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். அதாவது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ் (சுமார் 355 மில்லி). டேப்ரூமில் ஊற்றுவது 16 அவுன்ஸ் பைன்ட். 5 சதவீத லாகராக இருந்தாலே அது ஒன்றே கால் டிரிங்க்குக்கு மேல். 7 சதவீத ஐ.பி.ஏ. (கசப்பு தூக்கலான பீர் வகை) என்றால் ஒரு கிளாஸே ஏறக்குறைய இரண்டு. ஃப்ளைட், அதாவது பல பீரை ருசி பார்க்கத் தரும் தட்டு, பலரை ஏமாற்றும். குட்டிக் குட்டி கிளாஸாக நாலு, தலா 5 அவுன்ஸ், பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். சராசரி ஆறரை சதவீதம் என்று வைத்தால் மொத்தம் இரண்டு டிரிங்க்கைத் தாண்டிவிடுகிறது. உடம்பு தோராயமாக மணிக்கு ஒன்றைத்தான் கழிக்கும். சைக்கிள் மிதித்து வியர்த்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதெல்லாம் சும்மா. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை பார்க்கும்.

நடு நிறுத்தத்துக்கு என் அளவு: 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளதில் ஒரே ஒரு அரை கிளாஸ், சாப்பாட்டோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து. பலகையில் பீர் பேருக்குப் பக்கத்தில் ஏ.பி.வி. (ஆல்கஹால் சதவீதம்) எண் இருக்கும். பேரைப் படிக்காதீங்க, அந்த எண்ணைப் படிங்க. ஸ்டவுட் வகை பீர் கறுப்பாக இருப்பதால் பலமானது என்று நினைப்பவர்கள் உண்டு. நாலு சொச்சம் சதவீத ஸ்டவுட்டும் இருக்கு, வெள்ளை வெளேரென்று எட்டு சதவீதமும் இருக்கு.

உட்கார்ந்ததும் பீருக்கு முன்னால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணி. தாகத்தோடு குடிக்கிற முதல் பீர் மடமடவென்று இறங்கிடும். ஓடும்போது வெயில் நாளில் மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணி வேண்டும். பீரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆல்கஹால் சிறுநீரைக் கூட்டிவிடும். எழுந்த பிறகு முதல் பத்து நிமிஷம் லேசான கியர், கால் மரத்துப் போயிருக்கும்.

தூதரகவரிசை

மேலே சொன்ன அரை கிளாஸ் கணக்கோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஹெச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (படிப்பு) விசாவில் இருப்பவர்கள் குறிப்பாக.

பென்சில்வேனியாவில் போதையில் வண்டி ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். 'மோட்டார் இல்லையே' என்ற வாதம் அங்கே செல்லாது, 1993லேயே நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. வரம்பு காருக்கு உள்ள அதே 0.08 சதவீதம், ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அளவு. அதற்குக் கீழே இருந்தாலும் பாதுகாப்பாக ஓட்ட முடியாத நிலை என்று தெரிந்தால் வழக்கு வரலாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஒரு மாநிலத்தில் நடந்ததை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடக் கூடாது. இந்தப் பாதையோ மேரிலாந்து எல்லையைக் கடக்கிறது.

விசா விஷயம் இதைவிடக் கடுமை. கடந்த ஐந்து ஆண்டுக்குள் டி.யு.ஐ. (போதையில் வண்டி ஓட்டியது) கைது இருந்தால், தீர்ப்பு வராவிட்டாலும், வழக்கே தள்ளுபடி ஆனாலும், வெளியுறவுத்துறை விசாவை ரத்து செய்ய முடியும். அமெரிக்காவுக்குள் இருக்கும் வரை உங்கள் ஸ்டேட்டஸ் (தங்கும் அனுமதி) பொதுவாக அதனால் மட்டும் போய்விடாது. ஊருக்குப் போய்த் திரும்ப வரும்போதுதான் சிக்கல்: புது விசாவுக்கு விண்ணப்பிக்கணும், தூதரகம் சொல்லும் மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போகணும், அது எத்தனை வாரம் இழுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருப்பவர் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

என் முடிவு: விசாவில் இருப்பவர்களுக்கு மலையேறி சொன்னதுதான் சரி. சைக்கிளைப் பூட்டிய பிறகு பீர். நடு நிறுத்தத்தில் ஆல்கஹால் இல்லாத பீர் இருக்கா என்று கேளுங்கள். இப்போது நிறைய இடத்தில் வைக்கிறார்கள்.

மெதுவண்டி

ஒத்துக்கறேன். என் அளவு கிரீன் கார்டுக்காரங்களுக்கும் குடிமக்களுக்கும்னு வெச்சுக்கோங்க.

தூதரகவரிசை

கிரீன் கார்டு இருந்தாலும் கைது கைதுதான் தோழர்.

செயின்கவர்

யாரும் பாதையின் தரையைப் பற்றிப் பேசவில்லை. இது தார் இல்லை, நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தூள். காய்ந்திருந்தால் கெட்டியாக, நன்றாக இருக்கும். மழை பெய்த மறுநாள் மாவு மாதிரி குழைந்து டயரைப் பிடித்து இழுக்கும். காய்ந்த நாளில் 12 மைல் வேகத்தில் போகிறவர் அன்று 9, 10க்கு இறங்கிவிடுவார். 32 மைலுக்கு அதுவே அரை மணி முதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை கூடுதல். டேப்ரூம் நேரம் பார்த்துக் கிளம்புகிறவர்கள் முந்தின நாள் மழையையும் பார்க்கணும்.

டயர் 35 முதல் 40 மில்லிமீட்டர். எழுபது எண்பது கிலோ ஆளுக்கு 40-50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். ரோடு சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயரில் போக முடியாது என்றில்லை. ஈர இடத்தில் மணலில் பதிகிற மாதிரி பதியும், கை இரண்டும் விண்விண்ணென்று வலிக்கும்.

அந்தக் குழம்பு செயினுக்கு எமன். எண்ணெய் நிறைய விட்ட செயினில் தூள் ஒட்டி அரைக்கும் பசை ஆகிவிடும், பல்சக்கரத்தைத் தின்றுவிடும். கிளம்பும் முன் எண்ணெய் விட்டால் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் வறட்டு வறட்டென்று துடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற எண்ணெய்தான் வேலை செய்வது, வெளியே இருப்பது தூளைச் சேர்க்கத்தான். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) இருந்தால் ஈரத்தில் கரகரவென்று சத்தம் வரும். நிறுத்தும்போதெல்லாம் பிரேக் கட்டையைப் பார்த்து, பதிந்திருக்கும் கல்லை நகத்தாலாவது எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரிம்மில் கோடு விழும்.

வீட்டுக்கு வந்ததும் காயும் முன் கழுவணும். காய்ந்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான். குழாய்த் தண்ணி மெதுவாக, பிரஷ்ஷோடு. பிரஷர் வாஷர் வேண்டாம், பேரிங் கிரீஸை வெளியே தள்ளிவிடும்.

எடுத்துப்போக வேண்டியவை: ட்யூப் இரண்டு, டயர் லிவர், சின்ன பம்ப், செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, மல்டி-டூல். பாதையில் வரும் ஓஹையோபைல், கான்ஃப்ளுவன்ஸ் ஊர்கள் பக்கம் செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். 'போன் பண்ணி யாரையாவது வரச் சொல்லலாம்' என்பது அங்கே திட்டமே இல்லை.

பின்சீட்டு

டேப்ரூம் பக்கம் நாலு விஷயம்.

சின்ன ஊர் டேப்ரூம்கள் திங்கள், செவ்வாயில் பூட்டியிருக்கும். மற்ற நாளில் மதியம் மூன்று நாலுக்குத்தான் திறப்பார்கள். சனி ஞாயிறில் கொஞ்சம் முன்னால். வரைபடத்தில் இருக்கும் நேரத்தை நம்பாமல் அந்த வாரம் கடையின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

பல இடங்களில் சமையல்கட்டே கிடையாது. வெளியே ஃபுட் ட்ரக் நிற்கும், சில நாள் நிற்காது. வெறும் வயிற்றில் பீர் சீக்கிரம் ஏறும், அதனால் சாப்பாடு கையில் இருக்கணும். புளியோதரை வெயிலில் தாங்கும். தயிர்சாதம் பானியர் பையில் (சைக்கிளின் பக்கவாட்டுப் பை) மூன்று மணி நேரத்தில் புளித்துப் பொங்கிவிடும். வெளிச்சாப்பாடு அனுமதியா என்று கேட்டுவிட்டு டப்பாவைத் திறங்க.

குடிக்கக் குறைந்தபட்ச வயது 21. முடி நரைத்தவரிடமும் ஐடி கேட்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும். போனில் இருக்கும் படம், ஆதார், இந்திய லைசென்ஸ் எதையும் நம்பிப் போகாதீங்க. ஜிப் பையில் போட்டு உள்பாக்கெட்டில் வைங்க, சைக்கிள் பையில் வேண்டாம்.

பூட்டு: யு-லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) சைக்கிள் ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கணும், முன்சக்கரத்துக்குக் கேபிள். சக்கரத்தை மட்டும் கவ்வுகிற ஸ்டாண்டில் மாட்டினால், பக்கத்து சைக்கிள் சாயும்போது உங்கள் ரிம் வளையும். ஈ-பைக் என்றால் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்க.

நடுப்பெடல்

தூள் பாதை வேண்டாம், மலை வேண்டாம் என்பவர்களுக்கு வர்ஜீனியாவின் டபிள்யூ அண்ட் ஓ.டி. (W&OD) பாதை. ஆர்லிங்டன் முதல் பர்செல்வில் வரை 45 மைல், முழுக்கத் தார். வியன்னா, ஹெர்ண்டன், ஆஷ்பர்ன், லீஸ்பர்க் என்று ஊர் விட்டு ஊர் நிறுத்தம் கிடைக்கும். அதற்கு விலை சாலைக் குறுக்கீடுகள். அங்கே போதை சைக்கிளை நேராக ஓட்ட முடியுமா என்பதைவிட, கார் வருகிறதா என்று பார்க்கும் நிதானம் இருக்கா என்பதில்தான் தெரியவரும். வார இறுதி மதியம் குழந்தைகள், நாய்க்கயிறு, ஓட்டக்காரர்கள் என்று கூட்டம் வேறு. காலை ஏழு மணிக்கு மேற்கே போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி, வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் உட்காருவது உத்தமம்.

கேரியர்பை

வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு: க்ரவ்லர் (crowler) என்பது கண் முன்னாலேயே அடைத்துத் தரும் 32 அவுன்ஸ் டின். க்ரௌலர் (growler) 64 அவுன்ஸ், பெரும்பாலும் கண்ணாடி. சைக்கிளுக்கு டின்தான். கண்ணாடியில் நிறைத்தால் மூன்று கிலோவை நெருங்கும். கழுத்து வரை நிறைத்து வெயிலில் வைத்தால் வாயு அழுத்தத்தில் உடையவும் செய்யும்.

பானியரின் அடியில், நிமிர்த்தி, ஈரத்துண்டு சுற்றி வையுங்கள். எதிர்ப்பக்கப் பையில் பூட்டு, டூல், தண்ணி என்று அதே எடை. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் மெதுவாகத் திரும்பும்போது கைப்பிடி இழுக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். குலுங்கியதை உடனே திறந்தால் பாதி சுவரில்தான். இது சூடாக்கிப் பதப்படுத்தாத பீர், அடைத்தாலும் நாள் கணக்குதான், சில நாட்களுக்குள் குடித்துவிடணும்.

ஒரு முக்கியமான விஷயம்: பென்சில்வேனியா ஸ்டேட் பார்க்குகளில் மதுவுக்குத் தடை. இந்தப் பாதை ஓஹையோபைல் ஸ்டேட் பார்க்கின் நடுவே நீளமாகப் போகிறது. கானல்ஸ்வில் பக்கம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கான்ஃப்ளுவன்ஸ் போகலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம். வாங்குவதானால் பார்க்கைத் தாண்டிய பிறகு வாங்குங்கள்.

மெதுவண்டி

அப்ப பிட்ஸ்பர்க்கில் கிளம்பறவங்க கிழக்கே போகும்போது கான்ஃப்ளுவன்ஸ் தாண்டின பிறகுதான் வாங்கணும். சரியா?

கேரியர்பை

சரி. ஆனால் அந்தப் பக்கம் உச்சி வரை ஏற்றம். இரண்டு கிலோ பீரை மலை மேலே ஏற்றுவதற்குப் பதில் கம்பர்லண்டில் வாங்கி, அங்கிருந்து காரில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரங்க்கில், மூடியபடி.